வெயிலில் விலகாத மூட்டம்

எடப்புளி நாடு, கொல்லிமலை
5 ஜனவரி 2025

அன்புத் தங்கை கோகிலாவுக்கு அண்ணன் பூபதி எழுதுவது. நானும் உன் அண்ணி பொன்னம்மாளும் சுகம். நீ அந்த வடக்கத்திக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசலாமே என்று எழுதியிருந்தாய். நம் ஊரில் டவர் கிடைக்கப் பலாமரத்தில் ஏற வேண்டும். சோளக்காட்டுச் சந்தையில் நின்று பேசினால் வாழைத்தார் ஏலம் போடுகிறவன் குரல்தான் உனக்குக் கேட்கும். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வந்திருக்கிறது.

உன் கடிதத்தை, நான் ஓட்டுகிற வேனில் ஆள் நிறைகிற வரைக்கும் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நம் ராமாயி அக்கா என்ன கேட்டாள் தெரியுமா? "ஏரோப்பிளேனுக்கே பனி சொல்ற புள்ளைக்கு நம்ம ரோட்டுக்குச் சொல்லத் தெரியாதாக்கும்?" வண்டியே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இங்கே மார்கழி மூட்டம் பயங்கரம். வளைவில் முன்னால் போகிற லாரி தெரிவதில்லை. ஆனால் நீ பயப்படாதே. இருபது வருஷமாக ஏறி இறங்குகிற எழுபது வளைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆட்களைச் சேந்தமங்கலத்தில் இறக்கிவிடுவேன்.

உன் நினைவோடு,
பூபதி

விமான நிலையக் குடியிருப்பு
16 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்குக் கோகிலாவின் வணக்கம். நான் நலம், சளி மட்டும் விட்டபாடில்லை. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

ராமாயி அக்காவிடம் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தது ஓடுபாதைக்கு மட்டும்தான். அரை மணிக்கொரு தரம் வெளியே போய் நின்று பார்ப்போம். கிழக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் செங்கல் சூளைப் புகைபோக்கி, அதற்கும் அப்பால் ரயில் பாலம். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்திருக்கிறோம். எதுவரைக்கும் கண்ணில் படுகிறதோ அதுதான் அப்போதைய பார்வைத் தூரம். ஓடுபாதை ஓரத்தில் கருவிகளும் இருக்கின்றன. அதோடு, அடுத்த இரண்டு மணி நேரத்தில் மூட்டம் கூடுமா குறையுமா என்றும் எழுதி, விமானங்களுக்கு வழிசொல்கிற கண்ட்ரோல் டவருக்குக் கொடுப்போம். டவரில் இருப்பவர்கள் அதை மேலே வட்டமடிக்கிற விமானிக்குச் சொல்வார்கள். காத்திருப்பதா, வேறு ஊருக்குப் போவதா என்று அவர் முடிவெடுப்பார். எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும். பார்வைத் தூரம் ஒரு எல்லைக்குக் கீழே போய்விட்டால் எப்பேர்ப்பட்ட விமானியும் இறங்கக் கூடாது.

எங்கள் மேலதிகாரி முதல் நாளே சொன்னார்: தொட்டி அங்கேதான் இருக்கிறது என்கிற பழக்கத்தில் பார்த்ததாக எழுதிவிடாதே, பழகிய இடத்தில்தான் கண் பொய் சொல்லும் என்று. அதனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் என்றெல்லாம் எழுதாதீர்கள் அண்ணா.

ஒரு ஆசை. நம் மலையில் மூட்டம் எப்போது வந்தது, எப்போது விலகியது என்று கடிதந்தோறும் எழுதுங்கள். இங்கே செயற்கைக்கோள் படத்தில் மலையைப் பார்க்கும்போது வீட்டை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கோகிலா

எடப்புளி நாடு
3 பிப்ரவரி 2025

கோகிலாக் கண்ணுக்கு, கொல்லிமலை வானிலை அதிகாரி பூபதி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சளிக்கு மிளகு அனுப்புகிறேன், தட்டிப் போட்டுக் கஷாயம் வை. கடையில் விற்கிற தூளை வாங்காதே.

இனி ரிப்போர்ட். போன வாரம் முழுக்க விடிகாலையிலேயே மூட்டம். முதல் நடை இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்த லாரியின் விளக்கு பூசணிப்பூ மாதிரி விரிந்து ரோடு முழுக்க நின்றது. ஓரம் ஒதுங்கினேன், கைப்பிடிச் சுவரில் வேன் லேசாக உரசிவிட்டது. இருபது வருஷத்தில் முதல் கீறல். அண்ணியிடம் மூச்சு விடவில்லை. நீயும் எழுதித் தொலைக்காதே.

மரவள்ளிக்கு நல்ல விலை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அண்ணன்,
பூபதி

விமான நிலையக் குடியிருப்பு
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா, மிளகு வந்தது, சளி போனது. நீங்களும் அண்ணியும் நலமாயிருக்க வேண்டும். சுவரில் உரசியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மூட்டம் விலகுகிற வரைக்கும் முதல் நடையை நிறுத்திவைக்க முடியாதா?

என் மனசும் சரியில்லை. திங்கட்கிழமை காலை நான் பொறுப்பில் இருந்தேன். தொட்டிகூடக் கண்ணில் படவில்லை. மேலே மூன்று விமானங்கள் வட்டமடிக்கின்றன. டவரிலிருந்து போன் மேல் போன், எப்போது விலகும், எப்போது விலகும் என்று. விமான கம்பெனி ஆள் ஒருவர் நேரிலேயே வந்து மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு விலகாது என்று எழுதிக் கொடுத்தேன். விமானங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன. நாற்பது நிமிஷத்தில் காற்று கிளம்பி, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதில் ஒரு அம்மா, தாயாரின் இறுதிச் சடங்குக்கு வந்துகொண்டிருந்தவராம். முகம் பார்க்க முடியாமல் போய்விட்டது என்று மறுநாள் வந்து என்னைத் திட்டி அழுதார். மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மூட்டம் பொல்லாதது, யார் வேண்டுமானாலும் தவறலாம் என்று மேலதிகாரி தேற்றுகிறார். ஆனாலும் இப்போதெல்லாம் முடியாது, இறங்காதே என்று எழுதப் பேனாவை எடுத்தாலே கை தயங்குகிறது. எனக்கு எழுதுங்கள் அண்ணா.

கோகிலா

எடப்புளி நாடு
2 மார்ச் 2025

கோகிலாக் கண்ணுக்கு அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். நீ முதலில் அழுவதை நிறுத்து.

நீ சொன்னது தவறிப்போனால் என்ன? மூன்று விமானத்திலும் இருந்த ஆள் முழுசாகப் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா? அதைச் சொல். தாய் முகம் பார்க்காத அந்த அம்மாவுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் உயிரோடு வந்துதானே உன்னைத் திட்டினாள்? ஆள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். விளக்கம் கேட்டவனுக்கு இதையே எழுதிப் போடு.

இங்கே மிளகுப் பறிப்பு நடக்கிறது. மாசி பாதி போயும் மூட்டம் விடவில்லை, அதிசயமாக இருக்கிறது. அதுவும் விடிகாலையில் அவ்வளவாக இல்லை. வெயில் ஏற ஏறத்தான் அடர்த்தியாகிறது. உச்சி வேளையில் எதிர் மலையே வெள்ளையாகப் போய்விடுகிறது. பொழுது சாய்ந்தால் கொஞ்சம் தேவலை. உன் படத்தில் இதெல்லாம் தெரிகிறதா?

எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா புதுசு, வழுக்குகிறது.

பூபதி

விமான நிலையக் குடியிருப்பு
13 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் கடிதம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அதைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதிய மூட்டத்தைத் தேடினேன். மலையில் கீழிருந்து மேகம் ஏறி, வெயில் வந்த பிறகு அடர்வதும் உண்டு என்பதால் ஒவ்வொரு நாள் படமாக எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நாமக்கல், சேலம் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றில் ஈரமும் இல்லை. காடு எரித்த புகையாக இருக்குமோ?

வேனில் வருகிறவர்கள் யாராவது மூட்டம் என்று சொன்னார்களா? அண்ணிக்கும் எதிர் மலை வெள்ளையாகத்தான் தெரிகிறதா? இதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பொருட்படுத்த வேண்டாம். டூட்டி நடுவில் எழுதுகிறேன்.

கோகிலா

எடப்புளி நாடு
25 மார்ச் 2025

கோகிலாவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

புகையாகத்தான் இருக்கும். எரிக்கிறார்கள். மலையில் என்ன இருக்கிறது என்பதை மலையில் இருக்கிறவன் சொன்னால் நம்ப வேண்டும். ஆகாசத்திலிருந்து படம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சாட்சி கேட்கிறாய். இனிமேல் மூட்டம் பற்றி எழுதுவதாக இல்லை.

சித்திரை பிறப்புக்குச் சாமான் வாங்க ஊரே கீழே இறங்கும். எனக்கு நிற்க நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பூபதி

விமான நிலையக் குடியிருப்பு
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்குக் கோகிலா நமஸ்காரத்துடன் எழுதுவது. உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. போனில் கேட்டால் சத்தம் கேக்கல கண்ணு என்று வைத்துவிடுகிறீர்கள். இப்போது பட்டென்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, மூட்டம் மலையில் இல்லை. உங்கள் கண்ணில் இருக்கிறது. வெயிலில் கூடுகிறது, பொழுது சாய்ந்தால் குறைகிறது, விளக்கு பூவாக விரிகிறது, எழுத்து பெரிசாகிறது. இங்கே ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். கண்புரையாகத்தான் இருக்கும், பரிசோதித்தால் தெரிந்துவிடும், சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு குருடாகிப்போன நம் அப்பாசாமி மாமாவை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். ஆபரேஷன் முடிந்த மறுவாரமே மரவள்ளி பிடுங்கப் போய், கண்ணில் மண் விழுந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததால்தான் மாமாவுக்குப் பார்வை போனது. கத்தியால் போகவில்லை.

டாக்டரிடம் கண்ணைக் காட்டுகிற வரைக்கும் வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். எழுபது வளைவும் உங்களுக்கு மனப்பாடம்தான். ஆனால் எதிரே வருகிற லாரியும், குறுக்கே ஓடுகிற பிள்ளையும் மனப்பாடத்தில் இருக்க மாட்டார்கள். ஆள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள். என் கணிப்பு தவறாக இருந்தால் உங்கள் காலில் விழுகிறேன். இறங்காதீர்கள் அண்ணா.

கோகிலா

விமான நிலையக் குடியிருப்பு
17 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா, எல்லோரும் நலம்தானே? நலம் என்று ஒரு வரி போட்டால்கூடப் போதும்.

சித்திரை பிறந்து மூன்று நாளாகிறது. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. சோளக்காட்டு மளிகைக் கடைக்குப் போட்டால் யாரும் எடுப்பதில்லை. மலைப்பாதையில் ஏதாவது நடந்ததா என்று தினமும் பேப்பரை மேய்கிறேன். நேற்று டவருக்குக் கொடுத்த காற்றின் வேகத்தைத் தப்பாக எழுதி, நல்லவேளை உடனே பார்த்துத் திருத்தினேன். என் மேல் கோபமென்றால் திட்டி எழுதுங்கள். சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

கோகிலா

எடப்புளி நாடு
20 ஏப்ரல் 2025

கோகிலாவுக்கு அண்ணி பொன்னம்மாள் எழுதுவது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். உன் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுவில் என் பேச்சும் வரும். இனி அவர் பேச்சு.

கண்ணு, சித்திரைக்கு முந்தின நாள். சோளக்காட்டில் வேன் நிறைந்துவிட்டது. ராமாயி அக்கா தபால்காரரிடம் வாங்கி வைத்திருந்த உன் கடிதத்தை நீட்டினாள். தங்கச்சி கடிதம் என்றதும் எல்லோரும் படிங்க படிங்க என்றார்கள். உச்சி வெயில். வெள்ளைக் காகிதம் கண்ணைக் குத்தியது, ஒரு எழுத்து பிடிபடவில்லை. படிக்க மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். நான் கோபமாக எழுதியதற்கு நீ சமாதானமாகத்தான் எழுதியிருப்பாய் என்றும் நினைத்தேன். கையெல்லாம் கிரீஸ், நீயே படி அக்கா என்று கொடுத்துவிட்டேன். அவள் மகளிர் குழுவில் கணக்கெழுதுகிறவள், கணீரென்று படிப்பாள்.

உங்கள் கண்ணில் இருக்கிறது என்கிற இடத்தில் நிறுத்திவிட்டாள். மீதியையும் படி என்றேன். கடைசிவரை படித்தாள்.

வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை கண்ணு. ஒருத்தர்கூட இறங்கவில்லை. அத்தாயி கைக்குழந்தையோடு பின் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராமாயி அக்கா கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "உனக்குத் தெரியாத ரோடாப்பா? மெதுவாப் போலாம், எடு," என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர்கள் இறங்கி ஓடியிருந்தால் ரோஷத்தில் வண்டியை எடுத்திருப்பேன், சத்தியமாக எடுத்திருப்பேன். இத்தனை பேரும் கேட்ட பிறகும் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களே என்றுதான் வண்டியை எடுக்க முடியவில்லை. சாவியைப் பிடுங்கி ராமாயி அக்கா கையில் கொடுத்துவிட்டு நான்தான் முதலில் இறங்கினேன். எல்லோரும் கவர்மெண்ட் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள்.

தை பிறந்தபோதே எனக்குள் சந்தேகம்தான். மூட்டம் மூட்டம் என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மாசியில் ஒருநாள் வேனில் யாரோ, என்ன வெயில் இப்படிச் சுள்ளுனு அடிக்குது என்றார்கள். எனக்கு ரோடே வெள்ளையாக இருந்தது. நானும் ஆமாங்க என்றேன்.

என் பேச்சு இது. அன்றைக்கே போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். இவர் சோற்றில் கல் கிடப்பது தெரியாமல் சாப்பிட்டபோதே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கல்லைக் கடித்துவிட்டு அரிசி சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போன ஆள் இவர். சேந்தமங்கலத்தில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டதாம். வலது கண்ணுக்கு மே பதினைந்தாம் தேதி ஆபரேஷன். மாமா பேரைச் சொல்லித் தினமும் வர மாட்டேன் என்கிறார். நீ எழுது, உன் சொல்லுக்குத்தான் அடங்குவார்.

பொன்னம்மாள், பூபதி

விமான நிலையக் குடியிருப்பு
1 மே 2025

அன்புள்ள அண்ணா, அண்ணி, உங்கள் கடிதத்தைப் பிரிக்கவே பயந்து கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

அண்ணா, அடம்பிடிக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொல்கிற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கண்ணில் ஏதாவது விழுந்தால், வலித்தால், உடனே அண்ணியிடம் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது. இங்கே இடிமழைக் காலம் தொடங்கிவிட்டதால் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். பதினைந்தாம் தேதி நான் இங்கேயும் இருக்க மாட்டேன், அங்கேயும் இருக்க மாட்டேன், நடுவில் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஜூன் கடைசியில் வரும்போது நேரில் சொல்கிறேன்.

கோகிலா

எடப்புளி நாடு
26 மே 2025

கோகிலாக் கண்ணுக்கு அண்ணன் பூபதி தன் கையாலேயே எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணி என்னைப் படுத்துகிற பாட்டை வந்து பார். சொட்டு மருந்து நேரம் தவறினால் சிறைக்கு அனுப்புகிற மாதிரி முறைக்கிறாள். இடது கண்ணுக்கு ஆடிக்கு முன்னால் செய்யலாம் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் சாவி ராமாயி அக்காவிடம்தான். பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வர மாட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு வரியை அடித்திருப்பதாக எழுதியிருந்தாயே. அப்போது படித்தபோது எனக்கு அது மை கொட்டின கறை மாதிரித்தான் இருந்தது. நேற்று வாசலில், நல்ல வெயிலில், அடித்த கோட்டுக்குக் கீழே இருப்பதைப் படித்தேன். "அண்ணா, உங்கள் கண்ணைக் காட்டுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது."

நேரில் சொல்கிறேன் என்றாயே, அது இதுதானே? முதலிலேயே தெரிந்தும் மூன்று வாரம் சொல்லாமல் இருந்துவிட்டாய். அந்த மூன்று வாரமும் நான் தினம் ரெண்டு நடை ஆட்களை ஏற்றி இறக்கினேன். அந்த அம்மா உன் முன்னால் வந்து அழாமல் இருந்திருந்தால் நீ இதை அடித்திருக்க மாட்டாய், அது எனக்குப் புரிகிறது. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் இனிமேல் அடிக்காதே கண்ணு. எனக்கானாலும் சரி, ஆகாசத்தில் சுற்றுகிறவனுக்கானாலும் சரி, தவறிப்போனால் வந்து திட்டட்டும்.

இன்றைய ரிப்போர்ட்: காலையில் மூட்டம் இல்லை. எதிர் மலைச் சரிவில் யாரோ வெள்ளாடு மேய்க்கிறார்கள். பொன்னம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவளும் ஆடு என்றுதான் சொல்கிறாள்.

வழி பார்த்திருக்கும்,
பூபதி